சிவப்புப் புள்ளியின் விலை

துப்பாக்கி வாங்குபவன் முதலில் துப்பாக்கியின் விலையைக் கேட்கிறான். அதன்மேல் பொருத்தப்படும் குறிநோக்கியின் விலையைப் பின்னர்தான் கேட்கிறான். கேட்டதும் திகைத்துப் போகிறான். 'ரெட் டொட்' எனப்படும் சிவப்புப் புள்ளிக் குறிநோக்கி ஒன்றை 50 டொலருக்கும் வாங்கலாம். 800 டொலர் கொடுத்தும் வாங்கலாம். இரண்டும் பார்வைக்கு ஏறத்தாழ ஒன்றுபோலவே இருக்கும். இரண்டினுள்ளும் கண்ணை வைத்துப் பார்த்தால் தெரிவது அதே சிவப்புப் புள்ளிதான். எனின், எஞ்சிய 750 டொலர் எதற்காக?

ஸ்கண்டிநேவிய நாடுகளிலும் கனடாவிலும் வாழும் எம்மவர்களுள் வேட்டை உரிமம் பெற்றவர்களும் உளர். இக்கேள்வி அவர்களுக்கு நேரடியாகவே பயன்படக்கூடியது. துப்பாக்கியைத் தொட விரும்பாத ஏனைய வாசகர்களும் இதனை ஒதுக்கிவிடத் தேவையில்லை. விலைக்கும் நம்பகத்துக்கும் இடையிலான உறவு எத்தகையது என்பதை இந்தச் சிறு கருவியின் வரலாறு கூறுவதுபோல் வேறு பொருள்கள் கூறுவது அரிது.

வானியலாளரின் கண்டுபிடிப்பு

இந்த வரலாறு போர்க்களத்தில் தொடங்கவில்லை. தொலைநோக்கிப் பட்டறையிலேயே தொடங்குகிறது. அயர்லாந்தின் டப்ளின் நகரில் பெரும் வானியல் தொலைநோக்கிகளைச் செய்துவந்தவர் சேர் ஹவார்ட் கிரப். அவர் 1900ஆம் ஆண்டு ஒரு புதிய குறிநோக்கிக்குக் காப்புரிமை பெற்றார். அதுவரை குறிபார்ப்பவன் மூன்று பொருள்களை ஒரே கோட்டில் நிறுத்த வேண்டியிருந்தது. துப்பாக்கியின் பின்குறி, முன்குறி, இலக்கு ஆகிய மூன்றும் வெவ்வேறு தூரங்களில் இருப்பவை. மனிதக் கண்ணால் ஒரே வேளையில் ஒன்றை மட்டுமே தெளிவாகக் காண முடியும்.

கிரப் இதற்குக் கண்ட வழி எளிமையானது. ஒளியூட்டப்பட்ட குறியொன்றை வில்லையின் குவியத்தில் வைத்து, அதன் விம்பத்தைச் சாய்ந்த கண்ணாடி ஒன்றில் தெறிக்கச் செய்தால், அது முடிவிலியில் மிதப்பதுபோல் தோன்றும். கண்ணைச் சற்று இடப்புறமோ வலப்புறமோ நகர்த்தினாலும் குறி இலக்கை விட்டு விலகாது. இலக்கையும் குறியையும் ஒருசேரத் தெளிவாகக் காணலாம். இன்றைய விலையுயர்ந்த கருவியும் மலிவான கருவியும் இந்தத் தத்துவத்தின் பிள்ளைகளே.

ஆயினும் கிரப்பின் காலத்தில் ஒரு குறை இருந்தது. பகல் வெளிச்சத்திலும் தெரியுமளவுக்குக் குறியை ஒளிரச் செய்யும் சிறு விளக்கு அன்று இல்லை. ஆகவே இக்கருவி முதலில் இடம்பிடித்தது விமானங்களில்தான். முதலாம் உலகப் போரின் இறுதியாண்டான 1918இல் ஜேர்மன் போர் விமானங்கள் சிலவற்றில் இது பொருத்தப்பட்டது. இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியாவின் ஸ்பிட்ஃபயர், ஹரிக்கேன் விமானங்களிலும் ஜேர்மனியின் மெஸ்ஸெர்ஷ்மிட் விமானங்களிலும் இது வழக்கமான உபகரணமாயிற்று. விமானத்தில் மின்சாரத்துக்குப் பஞ்சமில்லை. பாரத்தைப் பற்றியும் பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. தோளில் சுமக்கும் றைபிளின் கதை வேறு. 1940களின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் 'நைடார்' என்ற குறிநோக்கி வேட்டைத் துப்பாக்கிகளுக்காக விற்பனைக்கு வந்தது. சுற்றுப்புற வெளிச்சத்தையே நம்பியிருந்த அக்கருவி நீண்ட காலம் நிலைக்கவில்லை.

50 டொலரும் சோன் டேயும்

மலிவான கருவி என்றதுமே முகஞ்சுளிப்போர் 1970ஆம் ஆண்டை நினைவிற் கொள்ள வேண்டும். வட வியட்நாமின் தலைநகர் ஹனோய்க்கு மேற்கே சோன் டே என்ற இடத்தில் அமெரிக்கப் போர்க் கைதிகள் அடைக்கப்பட்டிருந்தனர். அவர்களை மீட்பதற்கு 56 பேர் கொண்ட சிறப்புப் படையணி ஒன்று மாதக் கணக்கில் பயிற்சி பெற்றது. தாக்குதல் இரவில் நடைபெற வேண்டும். தேர்ந்த வீரர்களேயாயினும் இருளில் சுடும்போது பெரும்பாலான ரவைகள் இலக்கைத் தவறின.

இதற்கான தீர்வு இராணுவக் களஞ்சியத்திலிருந்து வரவில்லை; கடைச்சரக்காகவே வந்தது. 'சிங்கிள்பொயின்ட்' என்ற அந்தக் குறிநோக்கியின் விலை 50 டொலருக்கும் குறைவு. அதனூடாக இலக்கைப் பார்க்க முடியாது. ஒரு கண் கருவிக்குள் இருக்கும் ஒளிப்புள்ளியைக் காணும். மற்றக் கண் இலக்கைக் காணும். இரண்டையும் மூளை ஒன்றிணைத்துக் கொள்ளும். வீரர்கள் அதனைத் தங்கள் துப்பாக்கிகளில் ஒட்டுநாடாவினால் சுற்றிக் கட்டிக்கொண்டார்கள். இரவுச் சூட்டின் பெறுபேறு வியக்கத்தக்க அளவில் உயர்ந்தது.

1970 நவம்பர் 21ஆம் திகதி அதிகாலை அப்படையணி சோன் டேயில் இறங்கியது. அரை மணி நேரத்திற்கும் குறைவாகவே தரையில் நின்றது. தன் பக்கத்தில் ஓர் உயிரையும் இழக்காமல் திரும்பியது. ஆனால் ஒரு கைதியைக்கூட அழைத்துவர முடியவில்லை. அவர்கள் அனைவரும் யூலை மாதமே வேறிடத்துக்கு மாற்றப்பட்டிருந்தனர். 50 டொலர்க் கருவி தன் கடமையைச் செய்தது. பெரும் பொருட்செலவில் இயங்கிய உளவுத்துறையே தவறியது. விலையைக் கொண்டு தரத்தை அளப்பவர்களுக்கு இது முதலாவது பாடம்.

சுவீடனின் பங்கு

1962இல் நிக் ஹொலொன்யாக் என்ற அமெரிக்க விஞ்ஞானி கண்ணுக்குப் புலப்படும் சிவப்பு ஒளியை உமிழும் டயோடை உருவாக்கினார். கிரப்பைத் தடுத்துநின்ற விளக்குப் பிரச்சினை அத்துடன் தீரத் தொடங்கியது. சுவீடனில் 1974இல் தொடங்கப்பட்ட 'எய்ம்பொயின்ட்' நிறுவனம், அடுத்த ஆண்டே 'எய்ம்பொயின்ட் இலெக்ட்ரோனிக்' என்ற கருவியைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. றைபிள்களுக்கான மின்சார ரெட் டொட் யுகம் அதிலிருந்தே தொடங்குகிறது.

அக்கருவியை முதலில் வரவேற்றவர்கள் வேட்டைக்காரர்களே. சுவீடனின் காடுகளில் எல்க் எனப்படும் பெருமான்களை வேட்டையாடுவது ஆண்டுதோறும் நடைபெறும் சமூக நிகழ்வு. மரங்களுக்கிடையில் ஓடும் விலங்கைச் சில விநாடிகளுக்குள் குறிபார்க்க வேண்டும். குறி தவறினால் விலங்கு தப்பிப் பிழைக்கலாம்; அரைகுறையாகப் பட்டாலோ காயத்துடன் காட்டுக்குள் ஓடிப் பல மணி நேரம் துடித்துச் சாகும். நல்ல குறிநோக்கி வேட்டைக்காரனின் பெருமைக்காக மட்டுமன்று, விலங்கின் வேதனையைக் குறைப்பதற்காகவும் வேண்டப்பட்டது.

இருபத்திரண்டு ஆண்டுகள் கழிந்தபின், 1997இல், அமெரிக்க இராணுவம் எய்ம்பொயின்ட்டைத் தெரிவுசெய்து 100,000 கருவிகளுக்குக் கட்டளையிட்டது. 'எம்68' என்பது அதன் இராணுவப் பெயர். தொடக்கத்தில் மின்கலத்தின் ஆயுள் பெருங்குறையாக இருந்தது. வீரன் அதனை அணைக்க மறந்தால் தேவைப்படும் வேளையில் புள்ளி இருக்காது. 2007இல் வந்த 'கொம்ப் எம்4' என்ற வகை, ஒரே ஒரு 'டபிள் ஏ' மின்கலத்தில் 80,000 மணி நேரம், அதாவது எட்டாண்டுகளுக்கு மேல், தொடர்ந்து ஒளிரும் என நிறுவனம் அறிவித்தது. ஆளியைத் தேடவேண்டிய அவசியமே இல்லாது போயிற்று. உயர்விலைக் கருவியில் நாம் பணம் கொடுத்து வாங்குவது இத்தகைய கவலையின்மையைத்தான்.

விலை எதை வாங்குகிறது?

துப்பாக்கி சுடப்படும் ஒவ்வொரு தடவையும் அதன் பின்னுதைப்பு குறிநோக்கியைச் சம்மட்டிபோல் அடிக்கிறது. ஆயிரம் அடிகளுக்குப் பின்னரும் உள்ளிருக்கும் டயோட் மயிரிழையும் அசையக்கூடாது. குறிநோக்கியின் நுட்பத்தை 'எம்.ஓ.ஏ' என்ற கோண அலகில் அளப்பார்கள். ஒரு எம்.ஓ.ஏ என்பது 100 மீற்றர் தூரத்தில் ஏறத்தாழ 2.9 சென்ரிமீற்றர். கருவிக்குள் கண்ணுக்குத் தெரியாத ஒரு நெகிழ்வு, இலக்கில் ஒரு கையகல விலகலாகிவிடும்.

ஆகவே நல்ல கருவியின் செலவு பெரிதும் வெளியே தெரியாத இடங்களுக்கே போகிறது. நீர் புகாத அடைப்புகள், ஒளித்திரிபைக் குறைக்கும் வில்லை, சிவப்பொளியை மட்டும் தெறிக்கவிட்டு ஏனையவற்றை ஊடுருவ விடும் மென்படலம், மின்சாரத்தை மிகச் சிக்கனமாக உண்ணும் சுற்று என்பன அவை. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒவ்வொரு கருவியும் அடுத்த கருவியைப் போலவே அமையும்படி செய்யும் தரச் சோதனை. மலிவான கருவிகளில் பல நன்றாகவே இயங்குகின்றன. ஆனால் ஒன்று நன்றாக இருந்தது என்பதால் மற்றதும் அவ்வாறே இருக்கும் என்று சொல்ல முடியாது.

25.6 மில்லியன் டொலர்ப் பாடம்

இதுவரை வாசித்தவர்கள், 'அப்படியானால் விலை கூடியதையே வாங்கிவிடலாம்' என்று முடிவு கட்டியிருப்பார்கள். அவர்கள் 2015ஆம் ஆண்டின் கதையையும் கேட்க வேண்டும்.

'ஈஓடெக்' என்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தைச் சேர்ந்த நிறுவனம். டயோடுக்குப் பதிலாக லேசர் ஒளியையும் ஹொலோகிராம் முறையையும் கொண்டு குறியைத் தோற்றுவிக்கும் அதன் கருவி, ரெட் டொட் குடும்பத்தின் உயர்விலை உறுப்பினர். அமெரிக்கச் சிறப்புப் படைகளும் எஃப்.பி.ஐயும் அதனைப் பயன்படுத்தின. படையினர் பயன்படுத்துவதைக் கண்டு பொதுமக்களும் நூற்றுக்கணக்கான டொலர் கொடுத்து வாங்கினர்.

கடுங்குளிரிலும் கடும் வெப்பத்திலும் இயங்கும் என்று கூறி விற்கப்பட்ட அக்கருவி, வெப்பநிலை மாறும்போது குறியை நகர்த்தியது. புள்ளி காட்டிய இடம் ஒன்று, ரவை பட்ட இடம் வேறொன்று. பூச்சியத்துக்குக் கீழ் 40 பாகை பரனைற்றிலும், 122 பாகை பரனைற்றிலும் நான்கு எம்.ஓ.ஏ வரை விலகக்கூடும் என நிறுவனமே பின்னர் ஒப்புக்கொண்டது. 300 மீற்றர் தூரத்தில் இது ஏறத்தாழ 35 சென்ரிமீற்றர் விலகல். மார்பைக் குறிவைத்தால் ரவை தோளுக்கு வெளியே போய்விடும். பனிமலையில் ஏறிப் போரிடும் சிப்பாய்க்கு இதன் பொருள் என்ன என்பதை விளக்க வேண்டியதில்லை.

குறை இருந்தது என்பதைவிட அது அறிந்தே மறைக்கப்பட்டது என்பதே பாரதூரமான குற்றச்சாட்டு. குளிரிலும் ஈரப்பதத்திலும் கருவி பழுதடைவதை நிறுவனம் 2006 முதலே அறிந்திருந்தது என அமெரிக்க நீதித்துறை தன் முறைப்பாட்டில் கூறியது. வெப்பநிலை விலகலை எஃப்.பி.ஐ தன் சொந்தச் சோதனையில் கண்டுபிடித்துக் காட்டிய பின்னரே அது வெளியே வந்தது. 2015 நவம்பரில் ஈஓடெக்கும் அதன் அன்றைய தாய் நிறுவனமான எல்-3 கொம்யூனிக்கேஷன்ஸும் 25.6 மில்லியன் டொலர் செலுத்தி வழக்கைத் தீர்த்துக்கொண்டன. தனியார் வாங்கிய கருவிகளுக்கும் பணம் திருப்பிக் கொடுக்க நேர்ந்தது.

1970இல் மலிவுக் கருவி கைகொடுத்தது. பின்னர் உயர்விலைக் கருவி கைவிட்டது. இவ்விரண்டுக்கும் இடையில் இருப்பது விலை அன்று, சோதனை. சோன் டே அணியினர் பயிற்சிக் களத்தில் இரவிரவாகச் சுட்டுப் பார்த்த பின்னரே அந்த 50 டொலர்க் கருவியை நம்பினார்கள். ஈஓடெக்கை வாங்கியவர்களோ அதன் பெயரையும் விளம்பரத்தையும் நம்பினார்கள்.

இன்றைய தெரிவு

கடந்த பத்துப் பதினைந்து ஆண்டுகளில் சந்தை வெகுவாக மாறிவிட்டது. சீனாவில் உற்பத்தியாகும் 'ஹொலோசன்' போன்ற கருவிகள் 150 முதல் 300 டொலர் வரையான நடுத்தட்டை நிரப்பியுள்ளன. துப்பாக்கி அசைந்தவுடன் தானாக ஒளிரும் வசதியும், பல்லாயிரம் மணி நேர மின்கல ஆயுளும் அவற்றில் உள்ளன. ஒரு காலத்தில் உயர்விலைக்கே உரியனவாக இருந்த வசதிகள் இவை. அதேவேளை விளையாட்டுத் துப்பாக்கிகளுக்கென்று செய்யப்படும் போலிகள், பிரபல நிறுவனங்களின் பெயரும் இலச்சினையும் பொறிக்கப்பட்டு இணையத்தில் உலாவுகின்றன. மெய்யான பின்னுதைப்பை அவை தாங்கமாட்டா. நம்பமுடியாத மலிவில் கிடைக்கும் 'எய்ம்பொயின்ட்' பெரும்பாலும் எய்ம்பொயின்ட்டே அன்று.

எனவே வாங்குபவர் முதலில் தன்னைத்தான் கேட்க வேண்டும்: இது தவறினால் இழப்பு என்ன? சிறிய .22 துப்பாக்கியால் கடதாசி இலக்கைச் சுடுபவருக்கு 100 டொலர்க் கருவி தாராளமாகப் போதும். தவறினால் ஒரு மாலைப்பொழுது வீணாகும், அவ்வளவுதான். வேட்டைக்குச் செல்பவர் நடுத்தட்டுக்குக் கீழே இறங்காதிருப்பது நல்லது. அவருடைய தவறுக்கு விலை கொடுப்பது வேறோர் உயிர். கடமைக்காகத் துப்பாக்கி ஏந்துபவருக்கோ உயர்விலைக் கருவியும்கூட சோதிக்கப்பட்ட பின்னரே ஏற்புடையது.

சோதிப்பதும் கடினமன்று. துப்பாக்கியை மணல்மூட்டையில் அசையாது வைத்துக் கண்ணை மட்டும் நகர்த்திப் பாருங்கள். இலக்கில் புள்ளி பெரிதும் ஓடினால் வில்லை சரியில்லை. திருகுகளை மேலே, வலமாக, கீழே, இடமாகச் சம எண்ணிக்கையில் திருப்பிச் சுட்டுப் பாருங்கள். ரவை தொடங்கிய இடத்துக்கே திரும்பிவர வேண்டும். கருவியைக் குளிரில் ஓரிரவு வைத்துவிட்டு மறுநாள் அதே இலக்கை மீண்டும் சுட்டுப் பாருங்கள். கோடிக்கணக்கில் செலவிட்ட அரசாங்கம் ஒன்று காலம் கடந்து கற்ற பாடத்தைச் சாதாரண வேட்டைக்காரர் ஒருவர் ஒரு பெட்டி ரவையின் செலவில் கற்றுக்கொள்ளலாம்.

புள்ளி எந்தக் கருவியிலும் சிவப்பாகவே தெரியும். அது உண்மையைக் காட்டுகிறதா என்பதை விலைச்சீட்டு சொல்லாது; சுட்டுப் பார்த்த இலக்குத் தாள்தான் சொல்லும்.