கற்பூரத்துக்கு முன்னால் அரை மா

வக்கீல் குமாஸ்தாவாக நான் சேர்ந்தது 1965இல். சேர்ந்த ஆறாம் மாதமே ஒரு நில வழக்குக்குச் சாட்சியம் வாங்க அம்மன் கோயிலுக்குப் போனோம். இன்று சொன்னால் இளம் வக்கீல்கள் நம்புவதில்லை. அன்று சட்டமே அப்படி இருந்தது.

1873ஆம் ஆண்டுப் பிரமாணச் சட்டம் அது. "எதிராளி இன்ன சந்நிதியில் சத்தியம் பண்ணிச் சொன்னால் நான் கட்டுப்படுகிறேன்" என்று ஒரு கட்சிக்காரர் கோர்ட்டில் சொல்லலாம். எதிராளி சம்மதித்தால் கமிஷனர் ஒருவரோடு கோயிலுக்கு அனுப்புவார்கள். அங்கே அவர் சொன்னதுதான் முடிவு. கட்டுப்படுவதாகச் சொன்னவர் பிறகு மறுத்துப் பேச முடியாது. மூன்றாம் மனிதரைப் பாதிக்கும் சத்தியத்தைச் சட்டம் ஏற்கவில்லை. பிள்ளை தலையில் அடித்துச் சொல்வதெல்லாம் கோர்ட்டில் நடக்காது.

எங்கள் வழக்கு வாய்க்கால் கரையோரம் அரை மா நிலம் பற்றியது. இரண்டு பேரும் பங்காளிகள். பட்டா கூட்டுப் பட்டா. கிஸ்து ரசீது இருவரிடமும் இருந்தது. யார் உழுதார்கள் என்பதைக் காகிதம் சொல்லவில்லை. பிரதிவாதிதான் சத்தியத்துக்கு அழைத்தார்.

எங்கள் கட்சிக்காரர் குளத்தில் முழுகி ஈர வேட்டியோடு வந்து நின்றார். குருக்கள் கற்பூரம் ஏற்றினார். எழுதிக்கொண்டுபோன வாசகத்தைக் கமிஷனர் படித்தார்: நிலமும் அதிலுள்ள மரங்களும் தகப்பனார் காலந்தொட்டு என் சுவாதீனத்தில் இருக்கின்றன. பெரியவர் கையை நீட்டியவர் இழுத்துக்கொண்டார்.

"மேலண்டை வரப்புத் தென்னை அவங்க அப்பா வச்சதுங்க. அதைச் சேத்துச் சொல்ல மாட்டேன்."

கமிஷனர் தென்னையை நீக்கி எழுதினார். அதன்பின் பெரியவர் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் பண்ணினார். டிகிரியும் அப்படியே ஆனது: நிலம் இவருக்கு, மரம் அவருக்கு. வழக்குப் போட்ட நாளிலிருந்து எங்கள் ஆபீசில் அந்த மரத்தைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை.

1969இல் வந்த புதிய சட்டம் இந்த ஏற்பாட்டை நீக்கிவிட்டது. நீக்கியது சரிதான். பொய்ச் சத்தியத்துக்கு அஞ்சாதவன் அதில் சுலபமாக ஜெயித்துவிடுவான். 2002இலிருந்து முதல் விசாரணையே பிரமாண வாக்குமூலமாக, டைப் அடித்து வருகிறது. குறுக்கு விசாரணையில் நின்றால்தான் அதற்கு மதிப்பு. ஆட்சி, ஆவணம், அயலார் காட்சி என்று சேக்கிழார் 12ஆம் நூற்றாண்டிலேயே காட்டிய மூன்று வழிகளில், அடங்கலும் ரசீதும் ஆவணம்; பக்கத்து வயல்காரர் அயலார். ஆட்சியைச் சொல்ல வேண்டியவர் கட்சிக்காரர்தான்.

ஆனால் இன்றைய வாக்குமூலங்களில் "இடைவிடாமல் ஆண்டு அனுபவித்து வருகிறேன்" என்ற ஒரே வரி ஊர் ஊராகச் சுற்றுகிறது. என்னிடம் வருகிறவர்களை நான் உட்காரவைத்துக் கேட்கிறேன். போன போகம் என்ன நெல்? நடவுக்கு யார் வந்தார்கள்? மடை திறந்தது யார்? வரப்பில் நிற்கும் மரம் யார் வைத்தது? பதில் வரும்வரை டைப் அடிக்கக் கொடுப்பதில்லை.