15-க்கு 8, ஊடுபுள்ளி

பொங்கலன்று பாதித் தெருவை அடைத்துக் கிடக்கும் பெரிய பூக்கோலத்துக்கு ஒரு பகல்தான் ஆயுள். தண்ணீர் கேன் வண்டி ஓரத்தைத் தேய்த்துவிட்டுப் போகும். சாயங்காலத்துக்குள் கலர்கள் ஒன்றோடொன்று கலந்துவிடும். விடிந்தால் மாட்டுப் பொங்கல். அதற்கு வேறு கோலம். ஆனாலும் அதே பூக்கோலத்தை அடுத்த தெருவில் பார்க்கலாம். அடுத்த வருஷம் வேறோர் ஊரில் பார்க்கலாம். ஊர் விட்டு ஊர் போக அதற்குப் படம்கூட வேண்டியதில்லை. “15-க்கு 8, ஊடுபுள்ளி, ஆறிதழ்ப் பூ” என்று வாய்வார்த்தையாகச் சொன்னால் போதும். கை பழகியவர் மீதியைப் பார்த்துக்கொள்வார்.

கணக்கு இதுதான். நடு வரிசையில் 15 புள்ளி. அடுத்த வரிசையில் இரண்டு புள்ளிக்கு நடுவே ஒன்றாக 14. இப்படி ஒவ்வொன்றாகக் குறைத்து, 8 வந்ததும் நிறுத்த வேண்டும். மறுபக்கமும் அப்படியே. மொத்தம் 169 புள்ளி, ஆறு பக்கக் கட்டம். ஒன்றின் நேர் கீழே ஒன்றாக வைக்கும் நேர்ப்புள்ளியில் நாலிதழும் எட்டிதழும் எளிதாக அமையும். ஊடுபுள்ளியில் ஓரத்தை விட்டு எந்தப் புள்ளியை எடுத்தாலும் அதைச் சுற்றி ஆறு புள்ளிகள் நிற்கும். அதனால் ஆறிதழ்ப் பூ கேட்காமலே வந்துவிடும். ஒரு நுணுக்கம் மட்டும் உண்டு: வரிசைக்கு வரிசை விடும் இடைவெளி, புள்ளிக்குப் புள்ளி விடுவதைவிடச் சற்றுக் குறைவாக இருக்க வேண்டும். புதிதாகப் போடுகிறவர்கள் இரண்டையும் சமமாக விட்டுவிடுவார்கள். பூ மேலும் கீழுமாக இழுத்துக்கொண்டு நிற்கும்.

நடுப் புள்ளியிலிருந்து ஆறு பக்கமும் இதழ் இழுத்தால் ஒரு பூ. ஏழு புள்ளி செலவு. அங்கிருந்து மூன்றாவது புள்ளி அடுத்த பூவுக்கு நடு. இப்படியே போனால் 169 புள்ளிக்குள் சரியாக 19 பூக்கள் அடங்கும். கடைசி வரிசைப் பூக்களின் இதழ் நுனி ஓரப் புள்ளியில் போய் முட்டி நிற்கும். மூன்று பூக்கள் கூடுகிற சந்துகளில் ஒவ்வொரு புள்ளி தனியாக மிஞ்சும். அப்படி 24 சந்துகள், அவற்றில் மூவிலை. ஓரத்தில் மிஞ்சுகிற 12 புள்ளியில் மொட்டு. ஒரு புள்ளிகூட வீணில்லை. இன்னொன்றும் பாருங்கள்: பூக்களின் நடுப்புள்ளிகளை மட்டும் எண்ணினால் 3, 4, 5, 4, 3 என்று வரும். அதாவது 5-க்கு 3 ஊடுபுள்ளி. பெரிய கோலத்துக்குள் சின்னக் கோலம் ஒன்று உட்கார்ந்திருக்கிறது. இதை முதலில் போட்டுப் பார்த்த பெண்ணின் பெயர் நம்மிடம் இல்லை.

வாயில் புழங்கிய கணக்கு பிறகு நோட்டுக்கு வந்தது. தேதி முடிந்த டைரி, பாதி எழுதிய கணக்கு நோட்டு, பென்சில் புள்ளி, மேலே ஸ்கெட்ச் பேனா. பக்கத்து வீட்டு நோட்டை மதியம் வாங்கிவந்து காப்பி பண்ணிவிட்டு மாலையில் திருப்பிக் கொடுப்பது மார்கழிக்கு முந்தைய வாரங்களின் வேலை. கல்யாணமாகிப் போகும் பெண்ணின் பெட்டியில் அந்த நோட்டும் போகும். கோலம் மாவட்டம் தாண்டியது பெரும்பாலும் இப்படித்தான். பின்னால் அவள் விகடன், மங்கையர் மலர் போன்ற பெண்கள் இதழ்கள் கோலங்களை அச்சிட்டன. படத்துக்குக் கீழே புள்ளிக் கணக்கும், அனுப்பிய வாசகியின் பெயரும் ஊரும் இருக்கும். கோலத்தோடு ஒரு பெயர் சேர்ந்து பயணம் செய்தது அநேகமாக அங்கே மட்டும்தான்.

வழியில் மாவும் மாறிவிட்டது. எறும்புக்கு உணவாகும் பச்சரிசி மாவு போய், வெள்ளைக்கல்லை அரைத்த கல்மாவு வந்தது. மொக்குமாவு என்றும் சொல்வார்கள். விலை குறைவு; விரலிடுக்கில் ஒரே சீராக இறங்கும்; பெரிய கோலத்துக்குக் கட்டுப்படியாகும். எறும்புக்குத்தான் ஒன்றுமில்லை. எறும்புக்கு உணவிடும் தர்மத்தைப் பேசிக்கொண்டே கல்மாவில் கோலம் போடுவது நம் சாமர்த்தியம். கலர்ப் பொடியைக் கையால் தூவினால் திட்டுத் திட்டாக விழும். டீ வடிகட்டியில் போட்டு லேசாகத் தட்டினால் இதழ் முழுக்க ஒரே பரவலாக இறங்கும். இந்த யுக்தி எந்தச் சமையலறையில் பிறந்ததோ, இன்று எல்லாத் தெருவிலும் இருக்கிறது.

வாசலிலிருந்து கோலம் கல்லூரிக்கும் போயிற்று. தாம்பரம் சென்னைக் கிறித்தவக் கல்லூரியைச் சேர்ந்த கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி, கமலா கிருத்திவாசன் ஆகியோர் கோலத்தைக் கணினி அறிவியலில் வரும் இலக்கண விதிகளோடு இணைத்து 1974-ல் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டார்கள். சில விதிகளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்தியே பெரிய உருவத்தை வளர்க்க முடியும் என்பது அவர்கள் பிடித்த இழை. 5-க்கு 3-ஐப் பெரிதாக்கி 15-க்கு 8 ஆக்கத் தெரிந்த பெண்களுக்கு இது பழகிய வேலை, பெயர்தான் புதிது.

அடுக்ககம் வந்தபின் கோலத்துக்குக் கிடைத்தது கதவுக்கும் லிஃப்டுக்கும் இடையே நாலு டைல்ஸ். 15 புள்ளிக்கு இடமில்லை என்றதும் அது 5-க்கு 3 ஆகச் சுருங்கிக்கொண்டது: 19 புள்ளி, நடுவில் ஒரு பூ, சுற்றி 12 புள்ளியில் இலையும் மொட்டும். வழவழத்த டைல்ஸில் மாவு நிற்காமல் காற்றுக்குப் பறக்கும். அதனால் அரிசியை ஊறவைத்து அரைத்து ஈர மாவில் இழைக்கிறார்கள். இந்தச் சாக்கிலாவது அரிசி திரும்பி வந்தது. ஸ்டிக்கர் ஒட்டுகிறவர்களும் உண்டு. அதைக் கோலம் என்று எண்ண எனக்கு மனம் வருவதில்லை. ஒருமுறை ஒட்டிவிட்டால் மறுநாள் காலையில் அதற்கு யாரும் தேவைப்படுவதில்லை.

இன்று யூடியூபில் மார்கழி, பொங்கல் கோல வீடியோக்களைத் தேடுங்கள். தலைப்பிலேயே “15-8 இடைப்புள்ளி” என்று இருக்கும்; ஊடுபுள்ளிக்குத்தான் அந்தப் பெயரும். நோட்டு போய், பத்திரிகை போய், போன் வந்தும் அந்த ஒற்றை வரி மாறவில்லை.

நோட்டுகள்தான் மறைகின்றன. வீடு மாறும்போது பழைய பேப்பரோடு எடைக்குப் போய்விடுகின்றன. உங்கள் வீட்டு அலமாரியில் அம்மாவுடையதோ அத்தையுடையதோ ஒன்று கிடந்தால், இந்த மார்கழிக்குள் பக்கம் பக்கமாகப் போட்டோ எடுத்து வையுங்கள். புள்ளிக் கணக்கு அதிலேயே இருக்கும். போட்டவர் பெயரையும் ஊரையும் நீங்கள் எழுதுங்கள்.