மருத்துவம் நடந்து வந்த மரத்தடி

சேலம் மாவட்டத்திலிருந்து 1965இல் தருமபுரிக்கும், 2004இல் கிருஷ்ணகிரிக்கும் மாறிய போச்சம்பள்ளிப் பகுதியில், தொழுநோய்க்கு முதியோர் வழங்கும் பெயர் மட்டும் மாறவில்லை. பெருவியாதி. பெயர்தான் பெரிது, அதன் முதல் அறிகுறியோ மிகச் சிறிது. தோலில் வெளிறியதொரு படை. அரிப்பில்லை, வலியில்லை, தொடுவுணர்ச்சியும் இல்லை. துன்புறுத்தாத ஒன்றுக்காக எவர் வைத்தியரைத் தேடிச் செல்வார்?

தேட எண்ணியவரையும் சட்டம் அச்சுறுத்தியது. 1873இல் நார்வே மருத்துவர் ஹான்சன் இந்நோயின் கிருமியைக் கண்டார். முற்பிறவிப் பாவம் என்னும் பழியைத் துடைத்திருக்க வேண்டிய அக்கண்டுபிடிப்பு, தொற்றச்சத்துக்கே உரமானது. இரந்துண்ணும் நோயாளரைப் பிடித்துக் காப்பகத்தில் அடைக்க 1898ஆம் ஆண்டுச் சட்டம் வழிசெய்தது. நோயை வெளிக்காட்டினால் அடைப்பு, மறைத்தால் விரல்கள் மடங்கும். (அச்சட்டம் நீக்கப்பட்டது 2016இல்தான் என்பதையும் சொல்லிவைப்போம்.)

1940களில் டாப்சோன் மாத்திரை வந்தது. மலிவானதுதான், ஆனால் ஆண்டுக்கணக்கில் உண்ண வேண்டும். நடக்கவியலாதவருக்கும் நாணி ஒளிபவருக்கும் அதை யார் கொண்டுசேர்ப்பது? 1955இல் செங்கல்பட்டுப் பகுதியின் போளம்பாக்கத்துக்கு வந்த பெல்ஜிய மருத்துவர் ஃப்ரான்ஸ் ஹெமெரிக்ஸ், காங்கோவில் நெடுங்காலம் பணியாற்றியவர். பெரிய கட்டடம் எழுப்பி நோயாளரை அங்கே அழைப்பதற்கு மாறாக, குறித்த நாளில் குறித்த மரத்தடிக்கு மருத்துவக் குழுவை அனுப்பினார். உடன் பணியாற்றிய கிளேர் வெல்லூ பின்னாளில் இந்தியக் குடியுரிமையே பெற்றார். பஞ்சுநுனியால் படையைத் தீண்டிப் பார்த்தல், முழங்கைப் பின்புறம் தடித்த நரம்பை விரலால் தேடுதல்: இவையே சோதனைகள். நோயாளியைத் தொடாமல் இந்நோயை அறிய வழியில்லை. ஊரார் நடுவே, பட்டப்பகலில், ஒரு மருத்துவர் அவரைத் தொட்டார் என்பதே மருந்துக்கு நிகரான சிகிச்சை என நாம் கருதுகிறோம்.

1982இல் உலக சுகாதார நிறுவனம் கூட்டுமருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. பத்தாயிரவரில் ஒருவருக்கும் கீழ் நோய் குறைந்ததென 2005 இறுதியில் இந்தியா எட்டிய நிலை பெருஞ்சாதனையே. எனினும் 'ஒழிந்தது' என்று நாம் அதனைப் படித்துக்கொண்டது பிழை. நோய் அரிதாக, நரம்பைத் தேடத் தெரிந்த விரல்களும் அரிதாகும்.

இன்று போச்சம்பள்ளி சிப்காட் ஆலைகளுக்குப் பல மாநிலத்தவரும் வேலைக்கு வருகின்றனர். சூட்டை உணராது புண்பட்ட ஒரு கை, வெறும் தீக்காயமாகவே எண்ணப்பட்டுக் களிம்போடு திரும்பிவிடலாம். அறியப்பட்டால், நோயின் வகைக்கேற்ப ஆறு மாதமோ பன்னிரண்டு மாதமோ மாத்திரை. அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் காசில்லாமல் கிடைப்பது.