பெட்ரோல் எப்போது உப்பாக மாறியது?

சென்னையிலிருந்து பாண்டிச்சேரிக்கு ஈ.சி.ஆர். வழியாகப் போயிருக்கிறீர்களா? போயிருந்தால் மரக்காணம் வந்ததும் ஒரு காட்சி கண்ணில் பட்டிருக்கும். கட்டம் கட்டமாகப் பாத்திகள். நடுநடுவே வெள்ளை வெளேரென்று உப்புக் குவியல்கள். வெயிலில் கண் கூசும். 'அடடா, உப்பளம்!' என்று சொல்லி முடிப்பதற்குள் பஸ் அதைத் தாண்டிப் போயிருக்கும். இந்த வாரம் நாம் கொஞ்சம் இறங்கிப் பார்ப்போம்.

பக்கத்திலேயே கடலைப் பார்த்தபடி எக்கியார்குப்பம் என்றொரு மீனவ கிராமம். பெயரை எங்கேயோ கேட்ட மாதிரி இருக்கிறதா? 2023 மே மாதம் மெத்தனால் கலந்த விஷச் சாராயத்தைக் குடித்து அடுத்தடுத்து ஆட்கள் செத்துப்போனார்களே... அந்த ஊர்தான். இந்தக் கட்டுரை அந்தத் துயரத்தைப் பற்றியது அல்ல. ஆனால், அதுவும் ஓர் ஓரத்தில் வந்து நிற்கப்போகிறது என்பதை மட்டும் இப்போதே சொல்லிவிடுகிறேன்.

நாம் பார்க்கப்போவது ஒரு சாதாரண சமாசாரம். எக்கியார்குப்பத்தில் ஒரு வீடு. அந்த வீட்டில் அடுப்பெரிய வேண்டும், படகு ஓட வேண்டும், சோற்றில் உப்பு இருக்க வேண்டும். இந்த மூன்றின் மேலும் காலங்காலமாக அரசாங்கத்தின் கை எப்படி விழுந்திருக்கிறது? எப்போதாவது அந்தக் கை 'சலுகை' என்று கொஞ்சம் விலகியதே, அது எப்படி விலகியது?

முதலில் உப்பு.

கிழக்கிந்தியக் கம்பெனி 1805-ல் சென்னை ராஜதானி முழுக்க உப்பைத் தன் ஏகபோகம் ஆக்கிக்கொண்டது. அதாவது கடல் கடவுளுடையது, வெயில் சூரியனுடையது, கொத்திப் பாத்தி கட்டியவன் கை அவனுடையது... ஆனால், உப்பு மட்டும் கம்பெனியுடையது! பிற்பாடு தனியார் உப்பளங்கள் வந்தபோதும் வரி கட்டாத உப்பு வெளியே போக முடியாது. கழிமுகத்தில் தானாகப் படிந்து கிடக்கும் உப்பைச் சுரண்டி மடியில் கட்டிக்கொண்டு போனால் அது திருட்டு. பிடித்தால் தண்டனை. வீட்டு வாசலில் கொட்டிக் கிடப்பதைக் காசு கொடுத்து வாங்க வேண்டும் என்றால் எப்படி இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள்.

மரக்காணத்து உப்பு அந்தக் காலத்தில் சென்னைக்கு எப்படிப் போயிற்று? லாரியா இருந்தது? பக்கிங்காம் கால்வாய் வழியாகப் படகில் போயிற்று. உப்பு மட்டுமல்ல, சென்னை நகரத்து அடுப்புகளுக்கான விறகும் அதே கால்வாயில்தான் போயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ரயில் எஞ்சின்களுக்கு எரிபொருள் வேண்டுமென்று இந்தக் கடற்கரை மணலில் சவுக்கு நட ஆரம்பித்தார்கள். ரயில் நிலக்கரிக்கு மாறிவிட்டது. சவுக்கு நம் சமையலறைக்கு வந்துவிட்டது.

அந்தக் கால்வாய்க்குப் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1806-ல் பேசில் காக்ரேன் என்ற வெள்ளைக்காரர் சென்னையிலிருந்து எண்ணூர் பக்கமாக வெட்டத் தொடங்கியது. கொஞ்சம் கொஞ்சமாக வடக்கிலும் தெற்கிலும் நீண்டது. சென்னைக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் சுமார் 8 கிலோமீட்டர் மட்டும் பாக்கி. அதை 1877-78ல் வெட்டினார்கள். வெட்டியது யார் தெரியுமா? தாது வருஷத்துப் பஞ்சத்தில் ஊரைவிட்டு ஓடிவந்த எலும்பும் தோலுமான மனிதர்கள். பஞ்ச நிவாரண வேலை! அப்போதைய கவர்னர் பக்கிங்காம் கோமகன். கால்வாய்க்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள்.

1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள் என்ற அதிகாரி நிவாரண வேலைக்கு ஒரு கூலி நிர்ணயித்தார். ஓர் ஆணுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியம் (அரைக் கிலோகூட இல்லை!), கூடவே ஓர் அணா காசு. பெண்களுக்கு அதிலும் குறைவு. இது பட்டினிக் கூலி என்று டாக்டர் கார்னிஷ், பத்திரிகையாளர் வில்லியம் டிக்பி போன்ற வெள்ளைக்காரர்களே சண்டை போட்டார்கள். சில மாதங்களில் கூலி உயர்ந்தது.

சரி, நல்லது நடந்துவிட்டது என்று மூச்சு விடுவதற்குள், அதே ஆண்டின் கடைசியில் சென்னை ராஜதானியில் உப்பு வரியை ஏற்றினார்கள். மணங்கு ஒன்றுக்கு 1 ரூபாய் 13 அணாவாக இருந்தது, 2 ரூபாய் 8 அணா ஆனது. இந்த மணங்கு ஏறக்குறைய 37 கிலோ. பென்சிலை எடுத்துக் கணக்குப் போடுங்கள். 40 அணாவை 37 கிலோவால் வகுத்தால் கிலோவுக்கு ஓர் அணாவுக்கும் சற்று மேலே வரும். டெம்பிள் கொடுக்கச் சொன்ன ஒரு நாள் காசு, ஒரு கிலோ உப்பின் வரிக்குக்கூடப் போதாது. விலை அல்ல, வரிக்கு!

அரசாங்கத்திடம் ஒரு காரணமும் இருந்தது. 'மாகாணத்துக்கு மாகாணம் வரி வேறுபடுகிறது. வங்காளத்தில் அதிகம், சென்னையில் குறைவு. எல்லாவற்றையும் சமமாக்குகிறோம்' என்றார்கள். காகிதத்தில் பார்த்தால் நியாயம்தான். வங்காளத்தில் குறைத்தார்கள். பஞ்சத்தில் கிடந்த சென்னையில் ஏற்றினார்கள்.

உப்பை ஏன் பிடித்துக்கொண்டார்கள்? ரகசியம் இதுதான். பட்டுக்கு வரி போட்டால் பட்டு உடுத்தாமல் இருந்துவிடலாம். புகையிலைக்குப் போட்டால் கோபத்தில் விட்டுவிடலாம். உப்பை விட முடியாது. ஜமீன்தாரும் உப்பு போட்டுத்தான் சாப்பிட வேண்டும், அவர் வயலில் வேலை செய்கிறவனும் போட்டுத்தான் சாப்பிட வேண்டும். சொல்லப்போனால், வெயிலில் வியர்வை சிந்துகிறவனுக்குத்தான் அதிகம் தேவை. யாராலும் தப்பிக்க முடியாத பொருளில் போடும் வரி, வசூலிப்பவனுக்குச் சுலபம். கொடுப்பவர்களில் ஏழைக்குத்தான் பாரம்.

1923-ல் சட்டசபை 'வேண்டாம்' என்று மறுத்தும், வைஸ்ராய் ரீடிங் தன் தனி அதிகாரத்தைப் பயன்படுத்தி உப்பு வரியை இரட்டிப்பாக்கினார். அடுத்த வருஷமே பழைய அளவுக்கு இறக்கவேண்டி வந்தது. அதன்பிறகு 1930. தண்டிக்கு காந்தி நடந்தார். இங்கே ராஜாஜி ஏப்ரல் 13-ம் தேதி திருச்சியில் புறப்பட்டு வேதாரண்யத்துக்கு நடந்தார். இதெல்லாம் நீங்கள் பள்ளிக்கூடத்தில் படித்ததுதான்.

பள்ளிக்கூடத்தில் அழுத்திச் சொல்லாத ஒரு விஷயம் அடுத்து வருகிறது. 1931 மார்ச் 5-ம் தேதி காந்தி - இர்வின் ஒப்பந்தம். உப்பு வரியை எடுத்துவிட்டார்களா? இல்லை! ஒரு சலுகை கொடுத்தார்கள். உப்பு விளையும் இடத்தை ஒட்டிய கிராமத்துக்காரர்கள் வீட்டுத் தேவைக்கு உப்பு எடுத்துக்கொள்ளலாம், தங்கள் கிராமத்துக்குள் விற்றும் கொள்ளலாம். வெளியூர் ஆளுக்கு மட்டும் விற்கக் கூடாது.

அதாவது எக்கியார்குப்பம் போன்ற ஊர்களுக்கென்றே அளவெடுத்துத் தைத்த சலுகை. அலை ஓசை கேட்கும் தூரத்தில் இருந்தால் உப்பு இலவசம். மேற்கே திண்டிவனம் பக்கம் இருக்கும் கூலிக்காரனுக்கு அதே உப்பு, அதே வரி. வரி அப்படியே நிற்க, அதில் ஒரு சின்ன ஜன்னலை மட்டும் திறந்துவிட்டார்கள். ஜன்னலுக்குப் பக்கத்தில் நிற்பவனுக்குக் காற்று வந்தது. இந்த ஜன்னலை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

கடைசியில் 1947 ஏப்ரலிலிருந்து இடைக்கால அரசு உப்பு வரியையே ஒழித்தது. 1805-லிருந்து கணக்குப் போட்டால் 142 வருஷம்!

உப்பு தப்பித்தது. ஆனால், அதற்கு வெகு முன்பே அரசாங்கம் வேறொரு சரக்கைக் கண்டுபிடித்துவிட்டது. முதல் உலகப்போரின் நடுவே 1917-ல் பெட்ரோலுக்குக் கலால் வரி வந்தது. 1922-ல் மண்ணெண்ணெய்க்கும் வந்தது. பிறகு 1939. மாநில அளவிலான விற்பனை வரியைச் சென்னை மாகாணம் கொண்டுவந்தது. பெட்ரோலுக்குத் தனியாக ஒரு விற்பனை வரிச் சட்டமும் அதே ஆண்டு. கொண்டுவந்தவர் யார்? ஒன்பது வருஷத்துக்கு முன்னால் உப்பு வரியை எதிர்த்து வேதாரண்யம் நடந்தாரே, அதே ராஜாஜி!

அவசரப்பட்டு அவரைத் திட்டிவிடாதீர்கள். 1937-ல் சேலத்தில் அவர் மதுவிலக்கைத் தொடங்கினார். கள்ளும் சாராயமும் கொடுத்த வருமானம் போனால் கஜானாவுக்கு வேறு வழி வேண்டுமே? அவர் கேட்ட பெட்ரோல், அன்றைக்குக் கார் வைத்திருந்தவர்களின் சமாசாரம். எக்கியார்குப்பத்தில் அன்று பெட்ரோலுக்கு என்ன வேலை? கட்டுமரம் காற்றில் ஓடியது. அடுப்பு சவுக்குச் சுள்ளியில் எரிந்தது. ஏழையின் சாராயக் காசை விட்டுவிட்டு, பணக்காரனின் பெட்ரோலில் கைவைத்தார். கணக்கு சரியாகத்தான் இருந்தது.

தப்பு எங்கே நடந்தது? வரி அப்படியே நின்றது, வாழ்க்கை நகர்ந்துவிட்டது. படகில் எஞ்சின் ஏறியது. 2004 சுனாமிக்குப் பிறகு இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகுகள் பெருகின. உப்பளத்தில் ஏற்றம் போய் மோட்டார் வந்தது. மீனை ஏற்ற டெம்போ வந்தது. கட்டட வேலைக்குப் போகிற பையன் பழைய பைக் ஒன்றை வாங்கினான். தமிழக அரசு 2007-ல் இலவச கேஸ் அடுப்பு கொடுக்கத் தொடங்கியது. மத்திய அரசின் உஜ்வாலா 2016-ல் வந்தது. புகையில்லா அடுப்பு, நல்ல விஷயம்தான். கண்ணெரிச்சலும் இருமலும் குறைந்தன. ஆனால், சுள்ளியைப் பொறுக்கிக்கொள்ளலாம், சிலிண்டரைப் பொறுக்க முடியாதே! நமக்கே தெரியாமல் பெட்ரோலும் டீசலும் கேஸும் உப்பாக மாறிவிட்டன. விட முடியாத பொருள்!

வரிக்காரனுக்கு அது தெரியாதா? 2014 ஏப்ரலில் ஒரு லிட்டர் பெட்ரோலுக்கு மத்தியக் கலால் வரி 9 ரூபாய் 48 காசு. 2020 மே மாதம் அது 32 ரூபாய் 98 காசு. அது கொரோனா ஊரடங்குக் காலம். உலகச் சந்தையில் கச்சா எண்ணெய் அதலபாதாளத்தில் கிடந்தது. விலை குறைந்த லாபம் நம் கைக்கு வருவதற்குள் வரி குறுக்கே வந்து வாங்கிக்கொண்டது. மக்கள் வேலையில்லாமல் வீட்டில் கிடந்த நேரம். 'செலவுக்குப் பணம் வேண்டும்' என்பது அரசின் பதில். அதிலும் உண்மை இல்லாமல் இல்லை. ஆனாலும் தாது வருஷம் நினைவுக்கு வருகிறதா, இல்லையா?

பிறகு சலுகைகள் வந்தன. 2021 ஆகஸ்ட்டில் தமிழக அரசு பெட்ரோலுக்கு 3 ரூபாய் குறைத்தது. டூவீலரில் வேலைக்குப் போகிற ஏழை எளியவர்களுக்காக என்று காரணம் சொன்னது. பெட்ரோல் பணக்காரர் சரக்கல்ல என்று அரசாங்கமே ஒப்புக்கொண்ட தருணம் அது! 2021 நவம்பரிலும் 2022 மே மாதத்திலும் மத்திய அரசு இறக்கியது. பெட்ரோலின் கலால் 19 ரூபாய் 90 காசுக்கு வந்தது. 2014-ன் அளவைப்போல இரண்டு மடங்கு! சென்னையில் சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசைத் தொட்டது. அந்த ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாயும், 2024 மார்ச்சில் 100 ரூபாயும் குறைந்தது. சில வாரங்களில் நாடாளுமன்றத் தேர்தல். 2025 ஏப்ரலில் 50 ரூபாய் ஏறியது.

இப்போது அந்த ஜன்னல். மீனவர் படகுக்கு விற்பனை வரி இல்லாத டீசலைத் தமிழக அரசு கொடுக்கிறது. மிகப் பெரிய உதவி, சந்தேகமே இல்லை. ஆனால், பதிவு செய்த படகுக்கு மட்டும், குறிப்பிட்ட அளவு மட்டும். அதே மீனை ஏற்றிப்போகும் டெம்போவுக்குக் கிடையாது. கூடையோடு ஷேர் ஆட்டோவில் போய் விற்றுவிட்டு வரும் அம்மாவுக்குக் கிடையாது. 1931-ல் சொன்ன அதே 'கிராமத்துக்குள் சரி, வெளியே கூடாது'தான்! தெற்கே போனால் புதுச்சேரி எல்லை. அங்கே வரி குறைவு என்பதால் பெட்ரோல் மலிவு. அதுவும் ஒரு ஜன்னல்தான், எல்லைக்கோட்டில் வைத்த ஜன்னல். ஜன்னலைத் திறக்கிற கையால் சத்தமில்லாமல் மூடவும் முடியும். ரேஷன் மண்ணெண்ணெய் வருஷத்துக்கு வருஷம் எப்படிக் குறைந்தது என்று உங்கள் ரேஷன் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள். எல்லோர் கணக்கிலும் விழுந்துகொண்டிருந்த கேஸ் மானியம் 2020-ல் எப்படி நின்றது? எத்தனை பேர் கவனித்தோம்?

ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பெட்ரோல், உப்பைப் போல அப்பாவி இல்லை. எரிக்க எரிக்கக் காற்று கெடுகிறது. ஆளுக்கொரு கார் ஓட்டுகிறவர் வரி கட்டட்டும், தப்பில்லை. ஆகவே 1947 போல ஒரே கையெழுத்தில் ஒழித்துவிடு என்று யாரும் கேட்க முடியாது. கேட்க வேண்டியது வேறு. சொகுசுக்கு எரிப்பதையும் சோற்றுக்கு எரிப்பதையும் வரி பிரித்துப் பார்க்கிறதா? சலுகை என்பது சட்டத்தில் இருக்கிற உரிமையா, தேர்தலுக்கு முன்னால் திறக்கிற ஜன்னலா?

கடைசியாக, ஓரத்தில் வந்து நிற்கும் என்றேனே, அந்த விஷயம். 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தபோது வெளியே நிறுத்தப்பட்டவற்றில் பெரியவை இரண்டு. ஒன்று பெட்ரோல் - டீசல். இன்னொன்று மது. இரண்டும் மாநிலங்களுக்குக் காசு காய்க்கும் மரங்கள். 1939-ல் ஒன்றை வெட்டுவதற்காக இன்னொன்றை நட்டார் ராஜாஜி. இன்றைக்கு இரண்டுமே தோப்பில் நிற்கின்றன. எக்கியார்குப்பத்துக்காரர் பங்கில் கடலுக்குப் போகும்போது ஒரு வரி, களைத்துத் திரும்பி டாஸ்மாக் போனால் இன்னொரு வரி. அந்த விலைக்கு வழியில்லாமல் கள்ளச் சரக்கைத் தேடியவர்களில் சிலர் 2023-ல் திரும்பி வரவே இல்லை.

இன்று ராத்திரி சமையலறைக்குப் போனால் ஒரு நிமிஷம் நின்று பாருங்கள். அலமாரியில் உப்பு. அதற்கு ஜி.எஸ்.டி. ஒரு பைசா கிடையாது. கீழே சிலிண்டர். மேலே இருப்பதை விடுவிக்க 142 வருஷம் ஆனது. கீழே இருக்கும் எண்ணெய்க் குடும்பத்துக்கு 1917-லிருந்து எண்ண ஆரம்பியுங்கள்!