கரை தன்னைப் பேசத் தொடங்கிய காலம்

இராமநாதபுரம் கடற்கரையைப் பற்றி எழுதியவர்களுக்குப் பஞ்சமே இல்லை. சென்னை அருங்காட்சியகத்தின் கண்காணிப்பாளராக இருந்த எட்கர் தர்ஸ்டன், மன்னார் வளைகுடாவின் கடலுயிர்களையும் முத்துக்குளிப்பையும் சங்குக்குளிப்பையும் பற்றி 1890இல் நூல் வெளியிட்டார். மீன்வளத் துறையில் பணியாற்றிய ஜேம்ஸ் ஹார்னெல் 1914இல் சங்குக்கென்றே தனி நூல் எழுதினார். இருவரும் கூர்ந்து பார்த்தவர்கள். அவர்களின் உழைப்பை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைய அரசுக்குச் சங்கு ஒரு வருவாய். அதனால் எந்தப் படுகையில் எவ்வளவு சங்கு கிடைக்கும், வங்காளத்து வளையல் பட்டறைகளுக்கு அது எப்படிப் போய்ச் சேர்கிறது என்பவை விரிவாகப் பதிவாயின. மூச்சடக்கி மூழ்கியவர் அந்தக் கணக்கின் ஓர் உறுப்பாக மட்டுமே நின்றார். பின்னாளிலும் நிலைமை பெரிதாக மாறவில்லை. 1964 டிசம்பரில் புயல் தனுஷ்கோடியை அழித்தபோதும், 1974 கச்சத்தீவு ஒப்பந்தத்துக்குப் பிறகு எல்லைச் சிக்கல் முற்றியபோதும் இந்தக் கரை செய்தியில் அடிபட்டது. புயலோ கைதோ இல்லாத நாளில் மீனவர் எப்படித் தொழில் செய்தார் என்பதைக் கேட்க ஆளில்லை.

இதில் திருப்பம் வந்த ஆண்டு 2016 என்று சொல்வேன். சமுதாய வானொலி நடத்த 2002இல் கல்வி நிறுவனங்களுக்கு மட்டும் அனுமதி இருந்தது. 2006இல்தான் அது தொண்டு நிறுவனங்களுக்கும் கிடைத்தது. பத்தாண்டு கழித்து, 2016 ஆகஸ்டில், மீனவர்களுக்கென்றே பாம்பனில் ‘கடல் ஓசை’ 90.4 ஒலிபரப்பைத் தொடங்கியது. மீனவக் குடும்பத்து இளைஞர்களே ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தார்கள். காற்று, அலை, எல்லைச் சட்டம், மாறிவரும் கடல் என்று அவர்கள் பேசியது முதலில் தம் கரைக்காரர்களிடம்தான். அடுத்த சில வாரங்களில், செப்டம்பரில், ஜியோ வந்து இணையச் செலவை அடியோடு குறைத்தது. வானொலியில் தம் ஊருக்குள் கேட்ட பேச்சு இப்போது கைப்பேசி வழியாக வெளியூருக்கும் போயிற்று. மூக்கையூரிலிருந்து ‘உங்கள் மீனவன் மூக்கையூர்’, பக்கத்து மாவட்டத்திலிருந்து ‘தூத்துக்குடி மீனவன்’ என்று, ஊரையும் தொழிலையும் பெயரிலேயே தாங்கிய யூடியூப் அலைவரிசைகள் பல இலட்சம் பேரைச் சேர்த்தன. மீனவன் என்று சொல்லத் தயங்கவைத்த சமூகத்தில், அதையே முகவரியாக வைத்துக்கொண்டது சிறிய காரியமில்லை.

பெரிய மீனும் சுடச்சுடக் குழம்பும்தானே அங்கே ஓடுகின்றன, பார்வையாளர் எண்ணிக்கைக்காகச் செய்வதைத் தம்மைத் தாமே பதிவுசெய்யும் தற்பதிவு என்று தூக்கிவைக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. நியாயமான கேள்விதான். ஆனால் எந்தப் பதிவுக்கும் பின்னால் ஒரு தேவை இருக்கவே செய்கிறது. தர்ஸ்டனுக்கும் ஹார்னெலுக்கும் அரசின் தேவை இருந்தது. பார்க்க வேண்டியது, அந்தத் தேவையோடு ஒட்டிக்கொண்டு வேறென்ன உள்ளே வருகிறது என்பதை. வலை இழுக்கும் காட்சியில் எஞ்சின் இரைச்சலுக்கு மேல் ஒருவர் கத்துகிறார்: நீவாடு (நீரோட்டம்) எந்தப் பக்கம், கச்சான் (மேற்குக் காற்று) எப்போது தணியும், வந்தது பாடுதானா (நல்ல மீன் வரவுதானா) இல்லையா என்று. வலையின் பெயர், மீனின் ஊர்ப்பெயர், கயிற்றைச் சுற்றும் கை எல்லாம் கேட்காமலே பதிவாகின்றன. அகராதியில் சொல் இருக்கலாம். அதைக் கடலில் எப்படி உரக்கச் சொல்வார்கள் என்பது இந்தக் காணொளிகளில்தான் இருக்கிறது. மீன்பிடி இடங்களை ஊருக்கெல்லாம் காட்டினால் கடல் தாங்குமா என்ற இன்னொரு கவலையை அவ்வளவு எளிதில் தள்ள முடியாது. கடலட்டை பிடிக்க 2001 முதல் தடை உள்ள கடல் இது. எதைக் காட்டலாம் என்ற கட்டுப்பாட்டைக் கரையே வகுத்துக்கொள்ள வேண்டும்.

என்னை உண்மையில் உறுத்துவது வேறொன்று. திரையில் பேசுபவர்கள் பெரும்பாலும் ஆண்பிள்ளைகள். திருப்புல்லாணி வட்டாரத்துப் பாரதி நகர்ப் பெண்கள் விரல்களில் துணிச்சுருள் சுற்றி, காலில் ரப்பர் செருப்போடு, கண்ணாடி மாட்டிக்கொண்டு மூழ்கி மரிக்கொழுந்துப் பாசியும் கட்டக்கோரையும் எடுக்கிறார்கள். அவர்களின் படத்தை உலகம் பார்த்தது எம். பழனிகுமார் போன்ற வெளியூர்ப் புகைப்படக் கலைஞர் வழியாகத்தான். கைப்பேசி இல்லாததால் என்று நினைத்துவிடக் கூடாது. மன்னார் வளைகுடாத் தீவுகளைச் சூழ்ந்த கடல் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே பாசி எடுப்பது வனத்துறையோடு உரசலில் முடியும் வேலை. தன் தொழிலைப் படம்பிடித்துப் போட்டால் அதுவே தனக்கு எதிரான சாட்சியாகலாம் என்ற இடத்தில் இருப்பவர் எப்படித் தன்னைக் காட்டுவார்? தற்பதிவுக்குக் கருவியைவிட முன்னதாக வேண்டியது தொழிலுக்கான உரிமை. அந்த உரிமை ஏற்கெனவே இருந்த இடத்தில்தான் இளைஞரின் துணிச்சலும் பலித்தது.

கிடைத்த பதிவும் பத்திரமாக இல்லை. 2020 ஜூன் 29 அன்று டிக்டாக் தடைசெய்யப்பட்டபோது, இந்தியாவெங்கும் எளிய மனிதர் பதிந்துவைத்த துண்டுப்படங்கள் ஒரேயடியாகக் கைக்கு எட்டாமல் போயின. யூடியூபில் இருப்பதும் ஒரு நிறுவனத்தின் கிடங்கில்தான் கிடக்கிறது. கணக்கு முடங்கினால் ஓர் ஊரின் பத்தாண்டுப் பேச்சு போய்விடும். ஹார்னெலின் நூலை நூறாண்டு கழித்தும் நூலகத்தில் எடுத்துப் படிக்கலாம். ஓலைச்சுவடியையும் பழைய அச்சு நூலையும் மின்னுருவாக்கிக் காக்கும் தமிழ் இணையக் கல்விக்கழகம், கடல் ஓசையின் ஒலிப்பதிவுகளையும் மூக்கையூர்க் காணொளிகளையும் உரியவர் ஒப்புதலோடு இப்போதே படியெடுத்து வைக்கலாம். காற்றின் பெயரை வாயால் சொல்லத் தெரிந்த தலைமுறை இன்னும் படகில் இருக்கிறது.