முன்றிலும் காம்பவுண்டும்: வீட்டு முகப்புத் தோட்டத்தின் சொல்வரலாறு

1. முன்னுரை

வீட்டின் முகப்பில் செடிகொடிகளை வளர்த்து அதன் தோற்றப் பொலிவைக் கூட்டுதல் பற்றிய ஆங்கில எழுத்துகளைத் தமிழாக்கம் செய்வோர் இரண்டு தொடர்களில் இடர்ப்படுவர். ஒன்று ‘ஃபிரன்ட் யார்டு’ என்பது. மற்றொன்று ‘கர்ப் அப்பீல்’ என்பது. பின்னது தெருவோர விளிம்புக்கல் அருகே நின்று நோக்குவோரை வீட்டின் முகப்பு ஈர்க்கும் தன்மையைக் குறிக்கும் அமெரிக்க மனை வணிக வழக்காகும். முன்னதற்கு முன்றில், முற்றம், வாசல், வளவு, முன்புறத் தோட்டம் எனப் பல சொற்கள் தமிழில் கிடைக்கின்றன. எனினும் இவற்றுள் எதனை இட்டாலும் பொருள் சற்றே பிறழ்கிறது.

இப்பிறழ்ச்சிக்குச் சொல் வறுமை காரணமன்று. வீட்டுக்கு முன்னுள்ள நிலத்தை மக்கள் எதற்குப் பயன்படுத்தினர், அதனை எங்கிருந்து யார் நோக்கினர் என்பன இடந்தோறும் காலந்தோறும் வேறுபட்டன. சொற்கள் அவ்வேறுபாடுகளைத் தம்முள் கொண்டுள்ளன. அவ்வரலாற்றைப் பெங்களூரைச் சிறப்பு எடுத்துக்காட்டாகக் கொண்டு விளக்குவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. முன்றில்: செயலுக்குரிய களம்

‘முன்றில்’ என்னும் சொல்லாக்கத்தைத் தமிழ் இலக்கணிகள் பழங்காலத்திலேயே கருதியுள்ளனர். முன் என்னும் சொல்லோடு இல் என்னும் சொல் புணருமிடத்து இடையே றகர ஒற்றுத் தோன்றுவதைத் தொல்காப்பியம் புள்ளிமயங்கியலில் கூறுகிறது. இல்முன் என்பது முன்பின்னாக மாறி முன்றில் என வழங்குவதைப் பிற்கால உரையாசிரியர்கள் இலக்கணப் போலிக்குச் சான்றாகக் காட்டினர். இல்வாய் என்பது வாயில் என மாறியதும் அத்தகையதே. வீட்டின் முன்னிடத்தைக் குறிக்கும் இவ்விரு சொற்களிலும் இல்லே தலைமையான உறுப்பு என்பது நோக்கத்தக்கது. நிலமோ செடியோ இச்சொற்களின் பொருளில் இடம்பெறவில்லை.

சங்க இலக்கியத்தில் முன்றில் ஒரு பணிக்களமாகவே காட்சி தருகிறது. மலைநிலத்து முன்றிலில் பலாமரம் நிற்கிறது. ஆயின் அது கனி தரும் மரமேயன்றிக் காட்சிக்கு நட்டதன்று. பட்டினப்பாலையில் வரும் அகன்ற முற்றத்தில் உணவுப் பொருள் உலர்கிறது. அதனைக் கவர வரும் கோழியை மகளிர் தம் காதணியை எறிந்து ஓட்டுகின்றனர். செல்வ மிகுதியைப் புலப்படுத்தும் அக்காட்சியிலும் முற்றம் உணவு உலர்த்தும் இடமாகவே உள்ளது.

பிற்காலத் தெரு வீடுகளில் இவ்வியல்பு மேலும் தெளிவாகிறது. அடுத்தடுத்த வீடுகள் சுவரோடு சுவர் ஒட்டி நிற்கத் திண்ணை நேரே தெருவில் இறங்கும். அங்குச் செடி நடுவதற்கு நிலமே இல்லை. வாசலின் பொலிவு நாள்தோறும் சாணம் தெளித்தல், கோலமிடுதல், விழா நாளில் மாவிலைத் தோரணம் கட்டுதல் ஆகியவற்றால் அமைந்தது. காலையில் இட்ட கோலம் மாலைக்குள் மிதிபட்டு அழியும்; மறுநாள் மீண்டும் இடப்படும். ஆகவே முகப்பை அழகுசெய்தல் தமிழ் மரபுக்குப் புதிதன்று. அவ்வழகைச் செடிகளால் நிலைப்படுத்துதலே புதிது எனலாம்.

3. கொல்லை: செடிக்குரிய இடம்

செடிகள் வீட்டின் பின்புறத்தைச் சார்ந்திருந்தன. வாழை, முருங்கை, கறிவேப்பிலை ஆகியவை கிணற்றடி நீரைக் கொண்டு கொல்லையில் வளர்ந்தன. புன்செய் நிலத்தைச் சுட்டிய ‘கொல்லை’ என்னும் சொல் வீட்டின் பின்புறத்தையும் குறிக்க வந்தமை இதனோடு பொருந்துகிறது. பூசைக்குரிய நந்தியாவட்டை, அரளி, செம்பருத்தி ஆகியவையும் பறிப்பதற்காகவே வளர்க்கப்பட்டன.

கன்னடத்திலும் இதனையொத்த பகுப்பு உண்டு. முன்புற வெளி ‘அங்கள’, பின்புறம் ‘ஹித்தலு’. ‘ஹித்தல கிட மத்தல்ல’ என்பது கன்னடப் பழமொழி. கொல்லையில் வளரும் செடி மருந்தாகாது என்பது அதன் நேர்ப்பொருள். அருகில் உள்ளதன் அருமை தெரியாது என்பது கருத்து. செடி என்றதும் கொல்லையே நினைவுக்கு வரும் வாழ்க்கை முறையிலிருந்தே இப்பழமொழி பிறந்திருத்தல் கூடும்.

இவ்விடத்து மொழிபெயர்ப்பாளர் கவனிக்க வேண்டிய பொய்யொப்புச் சொல் ஒன்று உண்டு. இந்தியில் ‘ஆங்கன்’ என்பது குடும்பத்தின் அன்புக்குரிய முற்றம். வடமொழியின் ‘அங்கண’ அதன் மூலம். தமிழிலோ ‘அங்கணம்’ கழிவுநீர் செல்லும் இடத்தையும், தென்மாவட்டப் பேச்சில் வீட்டுக்குள் பாத்திரம் துலக்கும் இடத்தையும் குறிக்கும். திருக்குறளின் 720ஆம் குறளில் வரும் இச்சொல்லுக்குத் தூய்மையற்ற முற்றம் என்றே உரை காணப்படுகிறது. ஒலியொப்புமை கருதி இந்தி முற்றத்தை அங்கணமாக்கினால் பொருள் தலைகீழாகும்.

4. பங்களாவும் காம்பவுண்டும்

முகப்பில் நிலம் விட்டு உள்ளடங்கிக் கட்டும் வீடு, ஆங்கிலேயர் குடியிருப்புகளின் வழியே தென்னிந்திய நகரங்களில் பரவியது. அதனைச் சுட்டிய இரு சொற்களும் ஆசியாவிலிருந்து ஆங்கிலத்துக்குச் சென்றவை. ‘பங்களா’ வங்காளப் பாணிக் குடிலைக் குறித்த சொல். ‘காம்பவுண்டு’ என்பதற்கு மலாய் மொழியின் ‘கம்போங்’ மூலமாகலாம் என்னும் கருத்தை 1886இல் வெளிவந்த ஹாப்சன்-ஜாப்சன் அகராதி ஏற்கிறது. குடியேற்ற நகரமைப்பின் சொற்களை ஆராய்ந்த அந்தோணி கிங் 1976ஆம் ஆண்டு நூலிலும், பங்களாவுக்கெனத் தனியே எழுதிய 1984ஆம் ஆண்டு நூலிலும் இச்சொற்களைச் சமூக வரலாற்றுச் சான்றுகளாகக் கொண்டார்.

இவை தமிழுக்குள் வந்தபோது பொருள் மாறின. வங்காளக் குடில் தமிழில் செல்வர் மாளிகையாக உயர்ந்தது. அமெரிக்க ஆங்கிலத்தில் அதே சொல் சிறு வீட்டைக் குறிக்கிறது. சுற்றடைப்புள்ள நிலம் என்னும் பொருளுடைய காம்பவுண்டு, தமிழ்ப் பேச்சில் அடைக்கும் சுவரையே குறிக்கலாயிற்று. ‘காம்பவுண்டு ஏறிக் குதித்தான்’ என்பதில் நிலம் மறைந்து சுவர் மட்டும் எஞ்சுகிறது. தென்மாவட்ட நகரங்களில் ஒரே சுற்றுக்குள் அமைந்த பல குடித்தன வீடுகளையும் அச்சொல் சுட்டும். மூலப் பொருளுக்கு மிக நெருங்கிய தமிழ்ச் சொல் யாழ்ப்பாண வழக்கில் உள்ள ‘வளவு’ ஆகும். வேலியும் வீடும் மரங்களும் சேர்ந்த முழு நிலமும் அங்கு வளவு எனப்படும். அதே சொல் திருநெல்வேலி வழக்கில் பல வீடுகள் சேர்ந்த குடியிருப்பைக் குறிப்பதால், எவ்வட்டார வாசகருக்காக எழுதுகிறோம் என்பதை அறிந்தே அதனை ஆள வேண்டும்.

பெங்களூரில் இம்மாற்றம் தெளிவாகப் புலப்படுகிறது. 1809இல் ஆங்கிலப் படை சீரங்கப்பட்டணத்திலிருந்து அங்கு மாறியதும் பாசறை நகர் உருவாயிற்று. படையோடு வந்த தமிழர் அங்குக் குடியேறினர். ஹைதர் அலி 1760இல் தொடங்கிய லால்பாக் 1856இல் அரசுத் தாவரவியல் தோட்டமாயிற்று. அங்கு 1874 முதல் 1908 வரை ஜான் கேமரனும், பின்னர் 1932 வரை ஜெர்மானியரான குரும்பீகலும் பொறுப்பு வகித்தனர். பிற நாட்டுச் செடிகளைத் தருவித்துப் பழக்கி நகருக்குப் பரப்பும் நாற்றங்காலாக அத்தோட்டம் விளங்கியது. 1890களில் வகுக்கப்பட்ட பசவனகுடி, மல்லேசுவரம் ஆகிய விரிவாக்கப் பகுதிகளில், 1898ஆம் ஆண்டுக் கொள்ளைநோய்க்குப் பின் குடியேற்றம் பெருகியது. அங்கு இந்திய நடுத்தர வகுப்பினரும் முன்புறம் நிலம் விட்டு வீடு கட்டினர். அதனால் பங்களாவின் முகப்புத் தோட்டம் உள்ளூர்க் குடும்பங்களின் வாழ்வில் இடம்பெற்றது. எனினும் அத்தோட்டத்தில் பூசைப் பூக்களும் தென்னையும் துளசிக்கட்டையும் சேர்ந்தே நின்றன. பின்புறத்துக்குரிய மரபின் ஒரு பகுதி முன்புறத்துக்கு இடம்பெயர்ந்தது எனலாம்.

5. செடிகளின் பெயர்களும் தோட்டத் தொழிலாளரும்

புதிய செடிகளுக்கு மக்கள் பெயரிட்ட முறை மொழியியல் நோக்கில் சுவையானது. பிரேசிலிலிருந்து வந்த போகன்வில்லா, பிரெஞ்சுக் கடலோடி ஒருவரின் பெயரைத் தாங்கியது. தமிழர் அதன் மெல்லிய பூவடிச் செதிலைக் கண்டு ‘காகிதப்பூ’ என்றனர். மலேயத் தீவுகளைச் சார்ந்த வண்ண இலைச் செடி ‘குரோட்டன்ஸ்’ ஆயிற்று. தாவரவியலார் குரோட்டன் என வழங்கும் பேரினம் வேறு. தோட்டத்தில் நிற்கும் செடி கோடியேயம் இனத்தது. ஆங்கிலப் பன்மை வடிவம் தமிழில் ஒருமையாகி ‘ஒரு குரோட்டன்ஸ்’ என வழங்குவதும் குறிக்கத்தக்கது. அயல்நாட்டு வரவுகளுக்குச் ‘சீமை’ என்னும் அடையை முன்னிடுவது தமிழுக்கும் கன்னடத்துக்கும் பொதுவான முறை. தமிழில் சௌசௌ எனவும் பெங்களூர்க் கத்தரிக்காய் எனவும் வழங்கும் காய், கன்னடத்தில் ‘சீமெ பதனேகாயி’. ஒரு மொழியினர் கடல்கடந்த சீமையைச் சுட்ட, மற்றொரு மொழியினர் அக்காய் தம்மை வந்தடைந்த ஊரைச் சுட்டினர்.

பழைய செடி புதிய பணி ஏற்றதற்கு அறுகு சான்று. வேரூன்றிப் பரவும் இயல்பால் மணமக்களை வாழ்த்துவதற்கு உவமையான அதே புல், அவ்வியல்பினாலேயே வறட்சி தாங்கும் புல்தரைக்கு உரியதாயிற்று. பிள்ளையாருக்குச் சூட்டப் பறித்த அறுகும், பங்களா முகப்பில் சமமாக வெட்டி நிறுத்திய அறுகும் தாவரத்தால் ஒன்று, சொற்சூழலால் வெவ்வேறு.

வேலியிலும் இத்தகைய மாற்றம் நிகழ்ந்தது. ஆடுமாடுகளைத் தடுக்கும் கள்ளி, கிளுவை வேலிக்கு மாறாக, கண்ணுக்கு ஒழுங்கான பசுஞ்சுவர் வேண்டப்பட்டது. அழகுச் செடியாக 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியாவுக்கு வந்த அமெரிக்க வெப்பமண்டல லாந்தானா வேலிக்கும் பயன்பட்டது. தமிழில் உண்ணிச்செடி எனப்படும் அது தோட்டத்தைக் கடந்து பந்திப்பூர் உள்ளிட்ட காடுகளில் அடர்ந்து பரவி, விலங்குகளுக்குரிய மேய்ச்சல் புல்லைக் குறைத்தது. முகப்பழகுக்கென எடுத்த முடிவு முகப்போடு நிற்கவில்லை என்பதற்கு இது தக்க சான்று.

இத்தோட்டங்களை உருவாக்கிய கைகளைப் பற்றிய பதிவு குறைவு. பெங்களூரில் காய்கறி, மலர்ச் சாகுபடியில் பெயர்பெற்ற திகளர் சமூகத்தினர் தமிழ்த் தொடர்புடையோர். கன்னடத்தில் ‘திகள’ என்பது தமிழரையே குறிக்கவும் வழங்கியது. ஆண்டுதோறும் தர்மராயர் கோயிலில் நிகழும் கரகத் திருவிழா இவர்களுக்குரியது. கண்காணிப்பாளர் பெயர்கள் நூல்களில் நிலைத்தன. மண் கலத்தல், பதியன் போடுதல், கவாத்து செய்தல் ஆகியவற்றைச் செய்தோரின் சொற்கள் பெரும்பாலும் வாய்வழக்கிலேயே தங்கின.

6. சுவரற்ற முன்புறம்

அமெரிக்க முன்புறத்தின் வரலாறு வேறு. ‘யார்டு’, ‘கார்டன்’ என்னும் இரண்டும் ஒரே ஜெர்மானிய வேரின் கிளைகள். பின்னது பிரெஞ்சின் வழியே ஆங்கிலத்தை அடைந்தது. பிரிட்டனில் யார்டு என்பது பெரும்பாலும் தளமிட்ட வெளி. அமெரிக்காவில் வீட்டைச் சூழ்ந்த புல்நிலம். சிகாகோவை அடுத்த ரிவர்சைடு குடியிருப்பை 1869இல் திட்டமிட்ட ஒல்ம்ஸ்டெட், வீடுகள் தெருவிலிருந்து 30 அடி உள்ளடங்க வேண்டும் என வகுத்தார். 1870இல் ஃபிராங்க் ஸ்காட், தம் புல்தரையை அயலார் காணாதவாறு வேலியிட்டு மறைத்தல் நல்லயல்பன்று என்னும் கருத்துப்பட எழுதினார். அந்நிலம் தனியுடைமை, அதன் காட்சியோ தெருவுக்குப் பொது. ‘கர்ப் அப்பீல்’ என்னும் தொடர் பொருள்படுவது இச்சூழலில்தான்.

பெங்களூர் பங்களாவின் தோட்டமோ சுவருக்கும் வாயிற்கதவுக்கும் உள்ளே அமைந்தது. தாழ்வாரத்தில் அமர்ந்திருப்போரும் உள்ளே அழைக்கப்பட்டோருமே அதனை முழுமையாகக் கண்டனர். தெருவில் செல்வோர் கண்டது சுவரும், அதன்மேல் வழிந்த காகிதப்பூவும். ஆகவே சுவரற்ற புல்நிலத்தைக் ‘காம்பவுண்டுத் தோட்டம்’ என்பதும், பங்களாத் தோட்டத்தை ‘முன்றில்’ என்பதும், தானியம் உலர்த்தும் முற்றத்தைத் ‘தோட்டம்’ என்பதும் வரலாற்றைக் குழப்புவனவாகும்.

7. முடிவுரை

மேற்கூறியவற்றால் மூவகை முகப்புகள் புலனாகின்றன: பணிக்கும் வரவேற்புக்கும் உரிய முன்றில், சுவர்க்குள் அமைந்த பங்களாத் தோட்டம், தெருவுக்குத் திறந்த புல்நிலம். முதலாவதற்கு முன்றில், முற்றம், வாசல் ஆகியவையும், இரண்டாவதற்கு வளவுத் தோட்டம் அல்லது காம்பவுண்டுத் தோட்டம் என்பதும், மூன்றாவதற்கு முன்புறப் புல்வெளி என்பதும் பொருந்தும். ‘கர்ப் அப்பீல்’ என்பதைத் ‘தெருநோக்குப் பொலிவு’ எனலாம். வெறும் ‘முகப்பழகு’ என்பது நோக்குபவர் நிற்கும் இடத்தை விட்டுவிடுகிறது.

பெங்களூரில் 30க்கு 40 அடி மனைகளும் அடுக்ககங்களும் பெருகியபின் முகப்பு நிலம் பல வீடுகளில் வண்டி நிறுத்துமிடமாயிற்று. செடிகள் தொட்டிகளுக்குள் ஒடுங்கின. இடம் சுருங்கும்போது அதனைச் சார்ந்த சொற்களும் வழக்கிழக்கும். தோட்டத் தொழிலாளரின் பேச்சிலிருந்து அச்சொற்களைக் களப்பணியால் திரட்டிப் பொருளோடும் வட்டாரத்தோடும் பதிவுசெய்தல் அகராதியியலாரின் உடனடிக் கடமையாகும். அச்சொற்களை அறிந்த முதியோர் வாழும் காலத்திலேயே அப்பணி நிறைவேற வேண்டும்.