துத்தநாகப் பெட்டியில் வந்த பிள்ளைகள்

1979 டிசம்பரில் சோவியத் படைகள் ஆப்கானிஸ்தானுக்குள் நுழைந்தன. மாஸ்கோ அதைப் போர் என்று சொல்லவில்லை. ‘சர்வதேசியக் கடமை’ என்றது. செய்தித்தாள்களில் சிப்பாய்கள் மரம் நட்டார்கள், பள்ளிக்கூடம் கட்டினார்கள்.

இறந்தவர்களோ ஆன்டனோவ்-12 விமானங்களில் வந்து சேர்ந்தார்கள். சிப்பாய்கள் அந்த விமானத்துக்கு வைத்த பெயர் ‘கறுப்பு டியூலிப்’. சடலத்துக்கு ராணுவத்தின் குறிப்பெயர் ‘சரக்கு 200’. பற்றவைத்து மூடிய துத்தநாகப் பெட்டியைத் திறப்பதற்குப் பெற்ற தாய்க்கும் அனுமதியில்லை. உள்ளே கிடப்பது தன் பிள்ளைதானா என்று உறுதியாகத் தெரியாமலேயே பலர் அடக்கம் செய்தார்கள்.

1981 ஜூலையில் சோவியத் கம்யூனிஸ்ட் கட்சியின் அரசியல் தலைமைக் குழு கூடியது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு நினைவுக்கல் வைக்க ஆளுக்கு 1,000 ரூபிள் தரலாமா என்று பேச்சு வந்தது. சித்தாந்தப் பொறுப்பாளர் சுஸ்லோவ் தயங்கினார். கல்லில் என்ன எழுதுவது, ஒரே மயானத்தில் இப்படிப் பல கல்லறைகள் இருந்தால் என்ன ஆகும் என்பதுதான் அவர் கவலை. மகனை இழந்தவர்களின் துக்கம் அந்த மேசையில் அரசியல் கணக்காகச் சுருங்கியது. இது மன்னிக்க முடியாத கொடுமை.

பின்னர் சோவியத் தலைவரான கோர்பச்சேவ் காலத்தில் திரை விலகியது. படைகள் வெளியேறத் தொடங்கிய 1988 மே மாதத்தில், இறந்தவர்கள் 13,310 பேர் என்று அரசு முதன்முறையாக அறிவித்தது. இறுதிக் கணக்கு 15,000-ஐ நெருங்கியது. 1989-இல் சிப்பாய்களின் தாய்மார்கள் தங்களுக்கென்று ஒரு குழு அமைத்து, ராணுவத்தை நேருக்கு நேர் கேள்வி கேட்கத் தொடங்கினார்கள்.